நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஓர் ஆமை நடை

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னைக் கடற்கரையில் நள்ளிரவில் நடக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடல் ஆமை) கரையேறி முட்டையிட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, முட்டைகளை எடுத்துவந்து, பெசன்ட் நகர் மணலில் வேலி கட்டிய பொரிப்பகத்தில் திரும்பப் புதைப்பது அவர்கள் வேலை. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இதை 1988 முதல் செய்துவருகிறது. அதற்கும் முன்பு, எழுபதுகளிலேயே பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இந்தக் கரையில் ஆமை தேடி நடந்திருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம் என்று தெரிந்ததும் மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

நீலாங்கரையில் கூடினோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்தான் எங்கள் குழுவை நடத்தினார். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர். "டார்ச் அடிக்காதீங்க, ஆமையைப் பார்த்தா பக்கத்துல ஓடாதீங்க. ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம், அதுக்கும் தயாரா இருங்க" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. காட்டுகிறேன் வா என்று அழைக்கும் சுற்றுலா இல்லை இது.

கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். அலை நனைத்த விளிம்பிலிருந்து மேலே ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்கே இறங்கிய தடம். துடுப்புகள் மாறி மாறி மணலை வாரிய அடையாளம் நிலவொளியில் தெளிவாகத் தெரிந்தது. ஆமை போய்விட்டிருந்தது. முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, தன் உடம்பாலேயே இடமும் வலமும் தட்டி மணலை இறுக்கிவிட்டுத்தான் போகும். அதனால் குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. கம்பை மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மட்டும் மணல் சட்டென இளகிக் கொடுத்தது. அப்புறம் எல்லாம் கையால்தான்.

குழி ஒரு குடம் மாதிரி இருந்தது. கழுத்து ஒடுக்கம், வயிறு அகலம், ஆழம் ஏறத்தாழ ஒன்றரை அடி. கையை முழங்கை தாண்டி விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினோம். 114 இருந்தன. பெரும்பாலும் நூறை ஒட்டித்தான் இருக்குமாம். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள், பொரிப்பகத்தில் அதே அளவில் தோண்டவேண்டும் என்பதற்காக. அளவு மாறினால் மணலின் சூடு மாறும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே அந்தச் சூடுதான். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். அவசரமும் உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். மிச்ச வழி முழுக்க அந்தப் பையைக் குலுங்காமல் தூக்கிவந்தவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஏன் எடுக்கவேண்டும், அப்படியே விட்டால் என்ன? நாய்கள் தோண்டிவிடும். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இருண்ட கரையில் அது கடல். இந்தக் கரையிலோ தெருவிளக்கும் வீட்டு விளக்கும்தான் பளிச்சென்று இருக்கின்றன. குஞ்சு ரோட்டுக்குப் போய்விடும். கடலைப் பார்த்த விளக்குகளை இந்த மூன்று நான்கு மாதம் அணைத்து வைத்தாலே இவர்கள் சுமை எவ்வளவோ குறையும் என்பது என் எண்ணம். பொரிப்பகம் அருமையான வேலை, ஆனால் அது நாம் கெடுத்த கரைக்குப் போடும் ஒட்டு.

திருவான்மியூர் குப்பத்தில், விடியுமுன் கடலுக்குப் போக வலையை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கொஞ்ச நேரம் பேசினேன். அன்று வழியில் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றையும் பார்த்திருந்தோம், அதைப் பற்றிக் கேட்டேன். "மூச்சு விட மேல வரணும் தம்பி அது. பெரிய படகு இழுக்கிற மடிவலைக்குள்ள மாட்டினா எங்க வரும்?" என்றார். இழுவலைப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழகத்தில் விதி இருக்கிறது. மாட்டிய ஆமை தப்பிப் போக வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. இருந்தும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒவ்வொன்றும் முட்டையிடும் வயதுக்கு வரப் பல வருடம் பிடித்திருக்கும். ஒரு கூட்டை இடம் மாற்ற ஓர் இரவு முழுக்க நடக்கிறார்கள் இங்கே; கடலுக்குள் நடப்பதை இவர்களால் தடுக்க முடியாது, அரசும் படகு உரிமையாளர்களும்தான் தடுக்கவேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கருப்பு அல்லது அடர்நிற உடை போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். மணலில் நடக்க வெறுங்கால் நல்லது, ஆனால் சில இடங்களில் கண்ணாடித் துண்டு கிடக்கிறது, செருப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் கூட எங்களோடு கடைசிவரை நடந்தார்கள். குஞ்சு விடுவதைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் மார்ச், ஏப்ரலில் மாலை நேரம் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குப் போங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, செல்போன் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.