முதலை மேல் அமெரிக்கா: மூன்றாவது ஓடு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையில், படிக்கட்டுக்கு மேலுள்ள விதானத்தில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ 1752–53-இல் நான்கு கண்டங்களையும் பெண்ணுருவங்களாக வரைந்தார். அதில் முதலைமேல் அமர்ந்திருக்கும் அமெரிக்காவை மட்டும் ஒரு சுட்ட ஓட்டில், ஈரச் சுண்ணாம்பில் வரைந்து பழகுகிறேன். இரண்டு ஓடுகள் வீணாயின. மூன்றாவது நேற்று முடிந்தது.

முதல் ஓட்டை நனைக்காமலே சாந்து பூசிவிட்டேன். ஓடு தண்ணீரையெல்லாம் குடித்துவிட, செங்காவி மேலாகப் பொடியாய் நின்றது. விரல் பட்டதும் கையோடு வந்தது. சாந்தின் ஈரம் போவதற்குள் வண்ணம் ஏற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகும்போதுதான் வண்ணமும் அதற்குள் கெட்டிப்படும். இப்போது ஓட்டை இரவு முழுக்க ஊறவைக்கிறேன். இரண்டாவதில், ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்த பச்சை காய்ந்தபின் வெளிறிப்போனது.

இந்த முறை உள்ளங்கையளவு சாந்து பூசுவதும் அதை வரைந்து முடிப்பதுமாகப் போனேன். முதலில் இறகுக் கிரீடம், பிறகு முகம், கடைசியில் முதலை. முதலையின் முதுகுக்கு மஞ்சள் காவியை இளக்கமாகப் பூசி, சாந்து சற்று இறுகியதும் கரும்பச்சையில் சிறு சிறு கோடுகள் இழுத்தேன். செதில் செதிலாக எழும்பி வந்தது! ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையால் வரையும்போதுதான் சில விஷயங்கள் உறைக்கின்றன. இறகும் வில்லும் முதலையும் வெட்டுண்ட தலையும் தியெப்போலோவின் கற்பனை அல்ல. கருத்துகளையும் இடங்களையும் மனித உருவங்களாக எப்படிக் காட்டுவது என்று சொல்லும் நூல், இத்தாலியரான சேசரே ரீப்பாவின் உருவக அகராதி. அது 1603-இல் படங்களோடு வந்தபோதே அமெரிக்காவுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டது. அதே அகராதி ஆசியாவுக்குக் கொடுத்த ஒட்டகத்தை தியெப்போலோ ஆப்பிரிக்காவுக்கு மாற்றி, ஆசியாவை யானைமேல் ஏற்றினார். ஐரோப்பா மட்டும் எதன்மேலும் ஏறவில்லை; சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள், காளை பக்கத்தில் நிற்கிறது. மற்ற மூவரும் விலங்கின்மேல், இவள் அரியணையில். வரைய ஆசைப்பட்ட அழகுக்குள் இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே இருக்கிறது. அதை மழுப்பாமல், அந்த வெட்டுண்ட தலைகளையும் விடாமல்தான் வரைந்தேன்.

1945 மார்ச் 16 குண்டுவீச்சில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தபோதும், பால்தசார் நாய்மான் கட்டிய இந்த விதானம் விழவில்லை.

அடுத்தது ஆப்பிரிக்காவின் ஒட்டகம். மணலைச் சலித்து வைத்தாயிற்று, நாலாவது ஓடு வாளியில் ஊறுகிறது.