பெரியத்தா மகனும் மாமி மகனும்

உருதுப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட உட்கார்ந்தால், கடினமான சொற்கள்தான் படுத்தும் என்று தோன்றும். அதற்கு அகராதி இருக்கிறது. படுத்துவது முறைப்பெயர். எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா'வில் இது முதல் ரீலிலிருந்தே தொடங்கிவிடும். தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும், கதை, திரைக்கதை, வசனத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருதுகளும் வாங்கிய படம் அது.

பிரிவினைக்குப் பிறகும் ஆக்ராவை விட்டுப் போகாத ஷூ பட்டறைக்காரர் சலீம் மிர்ஸா. அவர் மகள் ஆமினாவை, அண்ணன் ஹலீமின் மகன் காஸிமுக்குப் பேசியிருக்கிறார்கள். இங்கே 'பெரியப்பா மகன்' என்று போட்டால் காதல் கதை அங்கேயே கெட்டது. நம் பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு அவன் அண்ணன் முறை. 'பெரியத்தா' என்று போட்டால், இது முஸ்லிம் வீடு, இங்கே கணக்கு வேறு என்று காது தானாகப் பிடித்துக்கொள்ளும். 'கஸின்' என்று போட்டுத் தப்பிப்பது சோம்பேறித்தனம். அடுத்து வரும் ஷம்ஷாத், சலீமின் சகோதரி மகன். அவன் மாமி மகன் (முஸ்லிம் வீட்டில் அத்தைதான் மாமி). இதில் ஆபத்து எதிர்ப்பக்கம்: நமக்கு ரொம்பவே பழகிய முறை என்பதால் 'முறைமாப்பிள்ளை' என்றெல்லாம் கை போகும். அந்தச் சொல்லோடு ஒரு தமிழ்ப்படமே கூட வந்துவிடும். வேண்டாம்.

அதனால் முதல் வரி அடிப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் கட்டம் போட்டுவிட வேண்டும்: யார், யாரை, என்ன சொல்லி அழைக்கிறார், நீங்களா, நீயா. அத்தா என்று தொடங்கினால் கடைசிவரை அத்தாதான். நடுவில் வாப்பா வந்தால் வேறு ஊர் ஆகிவிடும். ஆங்கில சப்டைட்டிலை வைத்து வேலை செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். உருதுவில் எதிரே இருப்பவரை அழைக்க ஆப், தும், தூ என்று மரியாதையில் மூன்று படி. ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்று. பெரியத்தா, சித்தப்பா, மாமா எல்லாரும் அங்கே 'அங்கிள்'. ஒலியைக் கேட்காமல் போட்டால் மரியாதை தலைகீழாகும்.

அடுத்தது 'கஸ்டோடியன்'. ஹவேலி, அதாவது குடும்பத்தின் பெரிய வீடு, ஹலீம் பேரில் இருக்கிறது. அவர் பாகிஸ்தான் போனதும் அரசு எடுத்துக்கொள்கிறது. 'வெளியேறியோர் சொத்துக் காப்பாளர்' என்பது சரியான மொழிபெயர்ப்புதான். கண்ணுக்கு 15 எழுத்து. மென்பொருளோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியோடு 31 என்று காட்டும். வரிக்கு 42 என்ற வழக்கமான வரம்பில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும். 'கஸ்டோடியன்' என்றே விட்டு, முதல் தடவை மட்டும் 'சர்க்கார் எடுத்துக்கும்' என்று வரியிலேயே உணர்த்தினால் போதும்.

நேரக்குறியில், அதாவது வரி எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று குறிப்பதில், இந்தப் படத்துக்கென்று ஒரு குணம் உண்டு. படப்பிடிப்பில் ஒலி எடுக்கவில்லை. குரலெல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்ந்தவை. (சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி டப்பிங்கை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, காலமானார்.) உதட்டைப் பார்த்து வைத்தால் வரி முந்தும் அல்லது பிந்தும், ஒலி அலையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே குறைந்தது 2 பிரேம் விடவேண்டும், இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்கு 24 பிரேமுக்குச் செய்த கோப்பை 25 பிரேமில் ஓடும் பிரதியில் ஏற்றினால் 10-ஆவது நிமிஷத்திலேயே 24 விநாடி பிந்தியிருக்கும். மொத்தமாக நகர்த்திப் பயனில்லை. விகிதத்தில் சுருக்க வேண்டும்.

கோப்பை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியாக்க முறை) வடிவில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறி. சரியாகச் சேமித்தாலும் சில பழைய டிவிகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். திரையிடலுக்கு என்றால் எழுத்தைப் படத்திலேயே பதித்துக் கொடுப்பதுதான் நிம்மதி.

ஹவேலியை விட்டு வரமாட்டேன் என்று விறகு அறையில் ஒளிந்த பாட்டியை, சாகும் தறுவாயில் பல்லக்கில் அங்கே தூக்கி வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் 'ஷெனாய் ஒலிக்கிறது' என்று அடைப்புக்குறிக்குள் எழுத விரல் துறுதுறுக்கும். காது கேளாதோருக்கான கோப்பில் அது கட்டாயம் வேண்டும். மற்ற கோப்பில் திரையின் அடிப்பகுதி காலியாகவே இருக்கட்டும்.