அக்குள் வியர்வைக்கு ஊசி போட்டுக்கொண்டேன்

காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலை எனக்கு. மேல்தட்டிலிருந்து கண்டாங்கிச் சேலையை எடுக்கக் கையைத் தூக்கினாலே ரவிக்கையில் ஈரம் வட்டமாகத் தெரியும். மார்கழிக் காலையிலும் அப்படித்தான். "வேர்த்தா உடம்புக்கு நல்லதுதான் ஆத்தா" என்பார் அப்பத்தா.

தோல் டாக்டர் முதலில் தைராய்டு, சர்க்கரை பார்த்தார். வேறு நோயால் வியர்க்கவில்லை என்று தெரிந்ததும், இரவில் தடவ அலுமினியம் குளோரைடு கொடுத்தார். பலருக்கு அதுவே கேட்டுவிடுமாம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்புறம்தான் போடாக்ஸ் பேச்சு வந்தது. முகச் சுருக்கத்துக்குப் போடும் மருந்தாயிற்றே என்று தயங்கினேன். அமெரிக்காவில் 2004-லேயே அக்குள் வியர்வைக்கும் அனுமதித்த மருந்துதான் என்றார். வியர்வைச் சுரப்பியைத் தூண்ட நரம்பு நுனி அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருளை வெளிவிடும். இந்த மருந்து அதை அடைத்துவிடும். தூண்டுதல் இல்லாததால் சுரப்பி சும்மா கிடக்கும்.

மதுரைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். அக்குளில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே சோளமாவைத் தூவினார்கள். வியர்வை பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே கருநீலமானது. அத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லக் கூசிய விஷயம், "இதோ இங்கேதான்" என்று எல்லை போட்டுக் காட்டியதுபோல் இருந்தது, கண் கலங்கிவிட்டது. டாக்டர் அந்தத் திட்டுக்குள் பேனாவால் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்தார். பக்கத்துக்கு 50 யூனிட்டைப் பத்துப் பதினைந்து இடமாகப் பிரித்து, தோலிலேயே மேலாக ஏற்றினார். மெல்லிய ஊசிதான், ஆனாலும் மருந்து இறங்கும்போது சுருக்கென்று கடுக்கும். நர்ஸ் ஐஸ் வைத்துக்கொண்டே இருந்தது பெரிய உதவி.

அன்று வெந்நீர்க் குளியலும் கடும் வேலையும் வேண்டாம் என்றார்கள். அந்த வாரத்திலேயே ஈரம் குறைந்தது. இரண்டு வாரத்தில் அக்குள் காய்ந்தே இருந்தது. வியர்வையை அடைத்தால் சூடு உள்ளேயே தங்குமே என்று அப்பத்தாவுக்குக் கவலை. உடம்பில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகளில் அக்குளில் இருப்பது சிறு பங்குதான், மற்ற இடமெல்லாம் வழக்கம்போல் வியர்க்கும் என்று விளக்கினேன்.

இது நிரந்தரமில்லை. பெரும்பாலோருக்கு ஆறேழு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் தாங்கும். நரம்பு பழையபடி வேலை செய்யத் தொடங்கியதும் மறுபடி போட வேண்டும். மருந்து விலை அதிகம், அதனால் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், தசைச் சோர்வு நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து, எத்தனை யூனிட் என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்.