சவுத் யூஸ்ட் பிள்ளைகளின் வருடப் பிறப்புப் பாட்டு

மார்கழி பிறந்தால் எனக்கு இரண்டு ஊர் ஞாபகம் வரும். ஒன்று நம் கல்லூரி விடுதி. மற்றது, ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் சவுத் யூஸ்ட் தீவு. பக்கத்துத் தீவான பென்பெக்கியூலாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் அங்கேதான் குடியிருந்தேன்.

டிசம்பர் 31 அன்று நான்கு மணிக்கு முன்பே பொழுதுபட்டுவிடும். இருட்டியதும் பிள்ளைகள் பையும் கையுமாக வீடு வீடாகப் போவார்கள். அங்கே பேசும் கேலிக் மொழியில் அந்த இரவைக் 'கலின்' இரவு என்பார்கள்; கலின் என்றால் புது வருடப் பிறப்பு. வாசலில் நின்று நீளமான பாட்டொன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கலினைப் புதுப்பிக்க வந்திருக்கிறேன் என்று தொடங்கி, கதவைத் திறந்து உள்ளே விடுங்கள் என்று கேட்கும் பாட்டு அது.

முன்பெல்லாம் பாட்டுச் சொல்பவர் கையில் ஆட்டுத்தோல் சுற்றிய தடி இருக்குமாம். அதை அடுப்பில் பொசுக்கி, வீட்டாரை வலமாகச் சுற்றி ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டுவார்கள். புகையை முகர்ந்தால் வருடம் முழுக்க நல்லது, நெருப்பு அணைந்தால் கெட்ட சகுனம். 1773இல், சவுத் யூஸ்டும் அடங்கிய ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் இப்படியொரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார்: மாட்டுத்தோல் போர்த்திய ஒருவர் வீட்டைச் சுற்றி ஓடுவார், மற்றவர்கள் அந்தத் தோலில் தடியால் அடிப்பார்கள், செய்யுள் சொல்லாத எவருக்கும் கதவு திறக்காது.

நான் பார்த்த இரவில் ஆட்டுத்தோல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். வெளியே ஒரு சின்னப் பையன், மூக்கு சிவந்து, கையுறை போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். பாதியில் அடி மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவே அடுத்த இரண்டு சொல்லை எடுத்துக் கொடுத்தார். பையன் பிடித்துக்கொண்டு கடகடவென்று முடித்துவிட்டான். ஒருகாலத்தில் ரொட்டியும் பாற்கட்டியும் விழுந்த பையில் இப்போது மிட்டாயும் தோடம்பழமும் விழுந்தன.

பிள்ளைகள்தான் இதைக் காப்பாற்றுகிறார்கள் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாட்டைத் தெரிந்துவைத்துக் காதுகொடுத்துக் கேட்க ஒரு வீடு இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்? விடுதி நாட்களில் விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாக நாங்கள் திருவெம்பாவை பாடிப் போனபோதும், அடி பிசகினால் திருத்திவிட ஒவ்வொரு படலையிலும் யாராவது நின்றார்கள்.

நம் கல்லூரிச் சங்கத்துப் பிள்ளைகள் இந்த மார்கழியில் திருவெம்பாவை பாடப் புறப்பட்டால் எங்கள் வீட்டுக்கும் அனுப்புங்கள். எத்தனை மணியானாலும் எழும்பியிருப்போம்.