பழத்துக்கு முன்னால் பவளம்

ஜூன் 7, சனி

கொழும்பு வெள்ளவத்தை வாசிகசாலையின் நூற்பட்டியலை இன்று பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நூலக மென்பொருளிலிருந்து எடுத்த மார்க் எக்ஸ்எம்எல் கோப்பு: நூல் விவரங்களுக்கு எண்ணிடும் நூலக முறையை, பெயரிட்ட உறுப்புகளாகக் கணினிக்கு எழுதிவைக்கும் வடிவம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவு. அதற்குள் 245 என்றால் தலைப்பு, 100 ஆசிரியர், 260 வெளியீட்டு விவரம். வாசிகசாலை அண்ணைக்கு இந்த எண்களெல்லாம் மனப்பாடம். வருகிறவர்கள் தங்கள் தொலைபேசியிலேயே பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சர்வர் வாடகைக்குக் காசில்லை. அதனால் கோப்பை ஒரே தடவையில் எச்டிஎம்எல் வலைப்பக்கங்களாக மாற்றி வைத்துவிடலாம் என்று முடிவுசெய்தோம். மாற்றுவதற்கு எக்ஸ்எஸ்எல்டி: எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் விதிகளை எழுதுகிற மொழி. அந்த விதிகள் இருக்கும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். 1999 நவம்பரில் வந்த 1.0 பதிப்பே இந்த வேலைக்குத் தாராளம்.

ஜூன் 8, ஞாயிறு

எந்த உறுப்பைக் கண்டால் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் விதிதான் டெம்ப்ளேட். பதிவுக்கு ஒரு டெம்ப்ளேட், 245க்கு ஒன்று, 100க்கு ஒன்று என்று எழுதி ஓட்டினேன். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பந்தியாக வந்து விழுந்தன. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் வரை மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. எந்த டெம்ப்ளேட்டும் பொருந்தாத இடத்தில் அந்த மொழிக்குள்ளேயே இருக்கும் இயல்பு விதி வேலைசெய்கிறது: உறுப்பைக் கண்டால் உள்ளே இறங்கு, எழுத்தைக் கண்டால் அப்படியே வெளியே போடு. அப்படியென்றால், நான் எழுதியவற்றில் ஒன்றுமே பொருந்தவில்லை. காரணம் கோப்பின் தலைப்பகுதியில் இருந்தது. அங்கே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேம்ஸ்பேஸ், அதாவது உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம், அறிவிக்கப்பட்டிருக்கிறது. கோப்பில் உறுப்புகளைத் தேடிப் பிடிக்க எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் எக்ஸ்பாத் 1.0இல் முன்னொட்டு இல்லாமல் ஒரு பெயரை எழுதினால், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பைத்தான் அது தேடும். நம்மவர்கள் ஒரு பெயரைச் சொன்னதும் "எந்த ஊர்?" என்று கேட்பார்களே, அதேதான். ஊரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும். ஸ்டைல்ஷீட்டில் அதே நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டை அறிவித்து, எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் சேர்த்தேன். பட்டியல் வரிவரியாக வந்து நின்றது. அந்த நிமிடத்து மகிழ்ச்சியை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

விடாத மழை. ஒரே பதிவைப் பட்டியலில் ஒரு வரியாகவும் தனிப்பக்கத்தில் முழு விவரமாகவும் காட்ட வேண்டியிருந்தது. ஒரே உறுப்புக்கு எந்தக் காட்சிக்கு என்று பிரித்துச் சொல்லும் இரண்டு மோடுகளில் இரண்டு டெம்ப்ளேட். சரி, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பகரத்தில் வந்ததும் நின்றுவிட்டார். "தம்பி, 'பவ'வுக்கு முன்னாலே 'பழ' வந்திருக்கு. எங்கட ஆக்கள் இதில தேட மாட்டினம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் வரிசை ய ர ல வ ழ ள ற ன. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் அட்டவணையிலோ நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அப்புறம்தான் வகரம். ஸ்டைல்ஷீட்டில் நான் போட்டிருந்த வரிசைப்படுத்தல் அந்த எண்களின்படியே போயிருக்கிறது. அரிச்சுவடி வரிசை பிழைத்த தமிழ்ப் பட்டியலை அந்த வாசிகசாலையில் வைக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எக்ஸ்பாத்தில் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தை மாற்றித்தரும் டிரான்ஸ்லேட் என்ற செயற்கூறு உண்டு. அதற்கு நம் வரிசையில் பதினெட்டு மெய்களையும் கொடுத்து, எதிரே அதே பதினெட்டை யூனிகோட் வரிசையில் கொடுத்தேன். அப்போது எண்களின்படி அடுக்கினாலும் நம் வரிசையே வரும். க முதல் ந வரை எட்டும் மாறவில்லை. அதன்பின் ப னவாகிறது, ம பவாகிறது, வ றவாகிறது, ழ லவாகிறது. கடைசிப் பத்தில் ளகரம் மட்டும் தன் இடத்திலேயே இருக்கிறது! மாற்றிய சொல் வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே. பக்கத்தில் தெரிவது உண்மையான தலைப்புத்தான். ஓட்டினேன். 'பவ' முன்னால் வந்துவிட்டது.

புள்ளி எழுத்துகள் இன்னும் மிச்சம். யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால், 'க்' போய் 'கௌ'வுக்கும் பின்னால் நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை அகராதியை எடுத்துக்கொண்டு வருவதாக அண்ணை சொல்லியிருக்கிறார்.