சுங்காய் சுடுநீர்க் குளம்: அரிப்பு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது சுங்காய். ரயிலில் வந்தால் சுங்காய் ஸ்டேஷனிலிருந்து சுங்கை கிளா குளத்துக்கு வாடகை வண்டிதான் வசதி. ஏறுவதற்கு முன்பே திரும்பும் வாடகையையும் பேசி முடித்துவிடுங்கள். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே போன பிறகு வேறு வண்டி பிடிப்பது பெரும்பாடு. கேட்ட ரிங்கிட்டைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காலையிலேயே போய்விடுங்கள். குளிர்ந்த காற்றில் ஓடையிலிருந்து ஆவி எழும்பி வரும் அழகே அழகு!

ஆனால், "தோல் சிவக்குதா? நல்லது, விஷம் இறங்குது" என்று குளத்தோரம் சொல்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். கழுத்திலும் நெஞ்சிலும் கடுகளவில் பொரிப்பொரியாக எழும்பி, சுற்றிலும் சிவந்து, சுருக் சுருக்கென்று குத்தினால் அது சூட்டினால் வரும் காணாக்கடி. உடம்பு சூடேறி வியர்க்கும்போது தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள், அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுவதால் வருவது. உடனே கரையேறி நிழலில் உட்காருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அன்றைக்கு மறுபடி இறங்க வேண்டாம்.

கரப்பான் (எக்ஸிமா) கதை வேறு. சில ஊற்று நீரில் கலந்திருக்கும் கந்தகம் செதிலை இளக்கும், கிருமியையும் ஓரளவு கட்டுப்படுத்தும். ஜப்பானின் குசாட்சு ஊற்றில் குளித்தவர்களுக்கு நாள்பட்ட கரப்பான் தணிந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நீர் கடும் அமிலம், பிஎச் சுமார் 2. தோலில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அது கொல்கிறது. அதை வைத்து எல்லா ஊற்றுக்கும் மருந்துப் பட்டம் கட்ட முடியாது. ஒரு நாள் முக்கி எழுந்தால் கரப்பான் போய்விடாது.

முட்டை வேகும் தொட்டிப் பக்கம் கையைக்கூட நீட்டாதீர்கள். குளிக்க 38 டிகிரி போதும், 40-ஐத் தாண்ட வேண்டாம். குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயன்படும் மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் எழுந்து நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். விலை உயர்ந்தது வேண்டாம், வெறும் வாசலினே போதும். இந்த ஒரு வேலையை விட்டால் சுடுதண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிட்டு, ராத்திரி அரிப்பு இரட்டிப்பாகும். சொறிந்து புண்ணான தோலோடு இறங்கவே கூடாது, கிருமி ஏறும்.

கொலுசையும் அரைஞாணையும் கழற்றி வையுங்கள். கந்தகம் கலந்த நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். கவரிங் நகையில் நிக்கல் இருந்தால் வியர்வையில் கரைந்து, சங்கிலி கிடந்த தடத்திலேயே கொப்புளம் கிளம்பும்.

இழுப்பு உள்ளவர்கள் ஆவி அடைந்து நிற்கும் மூடிய அறைகளைத் தவிர்த்து, இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வழியில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வாங்கினால் இறால் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சூடு அந்த ஒவ்வாமையைக் கூட்டிவிடலாம். உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இருந்தால் தொடையில் குத்திவிட்டு அவசர எண் 999-ஐ அழையுங்கள்.