கணுக்கால் தண்ணிதானேன்னு சொல்றவங்களுக்கு

ஈசிஆர்ல கடலை ஒட்டி இருக்குற ஒரு ரிசார்ட்ல லைஃப்கார்டா சேந்து வர்ற தை மாசத்தோட 9 வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி நைனாகூட ஃபைபர் போட்ல தொழிலுக்கு போயிட்டிருந்தேன். ஊரு அடையாறு முகத்துவாரத்துக்கு பக்கத்துல ஒரு குப்பம். எங்க ஊர்ல யாருக்கும் நீச்சல்னு தனியா சொல்லித்தர மாட்டாங்க, அதுபாட்டுக்கு வந்துடும். அதனால வேலைக்கு சேந்தப்ப என் மனசுல இருந்தது ஒண்ணுதான், கடலை தெரியும், நீச்சல் தெரியும், யாரையாவது அலை இழுத்துச்சுன்னா பாஞ்சு போயி தூக்கிட்டு வந்துடலாம்.

இத்தன வருஷத்துல அப்படி பாஞ்சு போயி தூக்குனதெல்லாம் பெரியவங்கள, அதுலயும் முக்காவாசி காலேஜ் பசங்கள. சின்னக் கொழந்தைங்கள நான் தண்ணில இருந்து எடுத்த ஒவ்வொரு தடவையும் என் முட்டி கூட முழுசா நனையல, நின்னபடியே குனிஞ்சு எடுத்தது. இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சதுக்கு காரணமே இதான்.

"கணுக்கால் தண்ணிதானே தம்பி, நாங்க பக்கத்துலதான இருக்கோம்"னு சொல்லாத குடும்பமே கிடையாது. அந்த கணுக்கால் யாரோட கணுக்கால்னு யோசிச்சு பாருங்க. அலை வரும்போது நமக்கு முட்டிக்கு ஏறுற தண்ணி மூணு வயசு புள்ளைக்கு இடுப்புக்கு மேல ஏறிடும். அந்த வயசுல புள்ள 13, 14 கிலோ இருக்கும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு தொட்டி கடல் தண்ணி ஆயிரம் கிலோவுக்கு மேல வெயிட்டு, அது சரிவுல திரும்பி ஓடும்போது 14 கிலோ எந்த மூலைக்கு? நம்ம சென்னை கடற்கரை வேற சட்டுனு எறங்குற கரை, அலை தூரத்துலயே உடைஞ்சு நுரையா வராம கரைகிட்ட வந்து மடிஞ்சு விழும், விழுந்த வேகத்துல மணலை அரிச்சுகிட்டு திரும்பும். பெரியவங்களுக்கே பாதத்துக்கு கீழ மணல் கரையறது தெரியும்ல, அது நமக்கு கூச்சமா இருக்கும், கொழந்தைக்கு தரையே காணாம போன மாதிரி. முதல்ல உக்காரும், உக்காந்தா முகம் தண்ணிக்குள்ள.

2019 மே மாசம், ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். மூணு குடும்பம் சேந்து வந்திருந்தாங்க, பெரியவங்க 9 பேரு, புள்ளைங்க 5. பாய் விரிச்சு, டப்பாவுல சுண்டல் எல்லாம் கொண்டு வந்து நல்லா சந்தோஷமா இருந்தாங்க. அதுல ஒரு பாப்பாவுக்கு மூணரை வயசு, நீல கலர் கவுனு, கையில ஒரு செவப்பு பக்கெட்டு. அலை வந்து போற விளிம்புல உக்காந்து மணலை அள்ளி அள்ளி போட்டுட்டிருந்துச்சு. நான் அந்த நேரத்துல தெக்கு பக்கமா கொஞ்சம் பசங்க ஆழத்துக்கு போறத பாத்து விசில் அடிச்சுட்டு இருந்தேன். திரும்பும்போது அந்த செவப்பு பக்கெட்டு மட்டும் தனியா இழுப்புல உருண்டு கீழ போயிட்டிருக்கு. அந்த வயசு புள்ள பக்கெட்ட விடாதுங்க. சத்தம் போடும், பின்னாடி ஓடும், அழும், சும்மா விடாது. எனக்கு வயித்துல அப்படியே ஜில்லுனு ஆயிடுச்சு, புள்ளைய காணோம். நீல கவுனு, நீல தண்ணி, கலங்கல் வேற, எதுவும் தெரியல. அடுத்த அலை மடியும்போதுதான் கவுனோட ஓரம் மேல வந்துச்சு.

ஒரு 30 மீட்டர் ஓடியிருப்பேன். குப்புற கெடந்துச்சு. தோளப் புடிச்சு தூக்குனேன், உதடு நீலமா இருந்துச்சு, மூச்சு இல்ல. அப்பா எங்க நின்னாருன்னு கேட்டீங்கன்னா, என் அளவுல ரெண்டு எட்டு தூரம், பெரிய பையன் அலைல குதிக்கிறத போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தாரு. முதுகு இந்த பக்கம். அவரு காதுல ஒரு சின்ன சத்தம் கூட விழல, ஏன்னா சத்தமே வரல.

கூட்டம் கூடிடுச்சு, ஒருத்தரு காலப் புடிச்சு தலைகீழா தொங்க விடுன்னு கையை நீட்டுறாரு, இன்னொருத்தரு வயித்த அமுக்குங்கறாரு. தயவுசெஞ்சு ரெண்டுமே செய்யாதீங்க, வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், நேரமும் போயிடும். மூழ்குன புள்ளைக்கு குறையறது காத்து, அதனால முதல்ல காத்துதான் குடுக்கணும். மல்லாக்க படுக்க வச்சு, தாடைய கொஞ்சம் தூக்கி, சின்ன புள்ளையா இருந்தா நெஞ்சு லேசா மேல எழுற அளவுக்கு மட்டும் அஞ்சு தடவ ஊதணும், அப்பவும் அசைவு இல்லன்னா நெஞ்சுல அழுத்த ஆரம்பிக்கணும், 30 அழுத்து 2 ஊது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம. அதே நேரத்துல இன்னொருத்தர் 108க்கு போன் போடணும். டிரெய்னிங்ல பொம்மைக்கு ஊதி ஊதி கையும் வாயும் பழகியிருந்ததால என் ஒடம்பு தானா செஞ்சுச்சு. மூணாவது ஊதுல இருமிச்சு, ஒருக்களிச்சு திருப்பினேன், தண்ணியும் சுண்டலுமா வாந்தி எடுத்துச்சு, அப்புறம் அழுதுச்சு. அந்த அழுகை சத்தம் இன்னும் எனக்கு காதுல இருக்கு.

அழுதுடுச்சே, நல்லாயிடுச்சுன்னு வீட்டுக்கு கெளம்ப பாத்தாங்க. நான்தான் விடல. தண்ணிய உள்ள இழுத்த புள்ளைக்கு சில மணி நேரம் கழிச்சு கூட மூச்சு திணறலாம், அதனால ஆஸ்பத்திரில வச்சு பாத்தே ஆகணும். ஒரு ராத்திரி வச்சிருந்து மறுநாள் அனுப்புனாங்க.

அந்த அப்பா ஆம்புலன்ஸ்ல ஏறுற வரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் திருப்பி திருப்பி சொன்னாரு, "நான் இங்கயேதான் இருந்தேன் தம்பி, நான் இங்கயேதான் இருந்தேன்." அது உண்மை. அம்மா, அவர் பாத்துக்குறாருன்னு நெனச்சிருக்காங்க, அவர் மச்சான் பாக்குறார்னு நெனச்சிருக்காரு, அத்தை அந்த 12 வயசு அக்காக்காரி கூட இருக்கான்னு நெனச்சிருக்காங்க. பாய்ல உக்காந்திருந்த பாட்டி மட்டும் "சின்னவ எங்கடி"ன்னு கேட்டிருக்காங்க, காத்து சத்தத்துல யாருக்கும் கேக்கல. ஒம்பது பேர் இருந்த இடத்துல பாக்குறதுக்குன்னு ஒருத்தரும் இல்ல. நானும்தான் இல்ல, அந்த கொஞ்ச நேரம் என் கண்ணு தெக்கால இருந்துச்சு, அத நான் மறைக்க விரும்பல.

முழுகறவங்க கைய ஆட்டி கத்துவாங்கன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டிருக்கோம், நானும் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான். வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடி மூச்சு இழுக்கவே பத்தாது, எங்க இருந்து கத்துறது? கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கத்தான் பாக்கும், மேல தூக்கி ஆட்ட வராது. மேல போராடுறதே 20ல இருந்து 60 செகண்டுதான்னு சொல்லிக் குடுத்தாங்க, சின்ன புள்ளைங்களுக்கு அதுல கொறஞ்ச கணக்குதான். உலக அளவுல எடுத்தாலும் தண்ணில மூழ்கி சாகுற விகிதம் 1ல இருந்து 4 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க கிட்டதான் ரொம்ப அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த 20, 60 செகண்டுங்கறது ஒரு வாட்சப் மெசேஜ் படிச்சு பதில் போடுற நேரம்.

அந்த வாரம் எனக்கு தூக்கமே இல்ல. அப்புறம் கோவளத்துல ஒரு கடைல மஞ்சள் கலர் தொப்பி நாலு வாங்குனேன். புள்ளைங்களோட வர்ற ஒவ்வொரு குடும்பத்துகிட்டயும் ஒரு தொப்பிய குடுத்து "சார், இத யார் போட்டிருக்காங்களோ அவங்கதான் தண்ணி டூட்டி. போன் பாக்கக்கூடாது, சாப்புடக்கூடாது, புள்ளைங்கள விட்டு கண்ண எடுக்கக்கூடாது. 15 நிமிஷம் ஆனதும் அடுத்தவங்க தலைல மாட்டி, இனிமே நீ பாருன்னு வாயால சொல்லிட்டுதான் நகரணும்"னு சொல்ல ஆரம்பிச்சேன். நாலஞ்சு வயசுக்கு கீழன்னா இன்னும் ஒண்ணு, தொப்பி போட்டவங்க கை எட்டுற தூரத்துலயே நிக்கணும், கடலுக்கும் புள்ளைக்கும் நடுவுல, கடல் பக்கமா. மேனேஜ்மென்ட்ல முதல்ல ஒத்துக்கல, கெஸ்ட்ட பயமுறுத்தாதன்னாங்க. கெஸ்ட்டுங்க யாரும் பயப்படல. வயசானவங்க ரொம்ப அக்கறையா வாங்கி போட்டுக்குவாங்க, இப்ப தொப்பி 14 ஆயிருக்கு.

டிரெஸ் விஷயமும் அன்னிக்கு கத்துகிட்டதுதான். நீலம், வெள்ளை, சாம்பல் கலர் போட்டு கடலுக்கு கூட்டிட்டு வராதீங்க, ஆரஞ்சு, பளிச்சுனு ரோஸ் இந்த மாதிரி போடுங்க. கடைல எடுக்கும்போது இதெல்லாம் யாரும் யோசிக்கிறதில்லன்னு தெரியும், அதனாலதான் சொல்றேன்.

இன்னொண்ணு, இத சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. புள்ளைங்கள எறக்க அப்பா அம்மா தேடிப் புடிக்கிற எடம் அலை இல்லாம அமைதியா இருக்குற எடம். ரெண்டு பக்கமும் நுரையா உடைஞ்சிட்டிருக்கும், நடுவுல மட்டும் வழவழன்னு கொஞ்சம் கருப்பா தெரியும், அங்கதான் கூட்டிட்டு போவாங்க. அதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பி ஓடுறதுக்கு அரிச்சு வச்ச வாய்க்கா அது, ஆழமா இருக்குறதாலதான் அங்க அலை உடையல. வேகமான இழுப்பு செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேல கூட ஓடும், ஒலிம்பிக்ல நீந்துறவங்களாலயே அத எதுத்து கரைக்கு வர முடியாது. மாட்டிக்கிட்டா எதுத்து நீந்தாம மெதந்து, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகர்ந்து வெளிய வரணும், ஆனா இது பெரியவங்களுக்கு சொல்ற பாடம், நாலு வயசு புள்ளைக்கு இத சொல்லி என்ன ஆகப்போகுது. அதனால தெனம் காலைல வெள்ளென வந்து நான் முதல்ல பாக்குறது அந்த வாய்க்கா இன்னிக்கு எங்க இருக்குன்னுதான். அது தெனம் எடம் மாறும், நேத்து முட்டி அளவு இருந்த எடம் இன்னிக்கு இடுப்புக்கு இருக்கும். நைனா தண்ணிய பாத்த ஒடனே தெண்டியா வண்ணியான்னு சொல்லிடுவாரு, நீரோட்டம் தெக்க இருந்து வடக்க ஓடுனா தெண்டி, வடக்க இருந்து தெக்க ஓடுனா வண்ணி. புள்ள விளையாடிட்டே எந்த பக்கமா நகரும்னு அத வச்சே தெரிஞ்சுடும்.

காத்து வச்ச டியூப், டால்ஃபின் பொம்மை இதெல்லாம் கடலுக்கு வேணவே வேணாம். காலைல கரைல இருந்து கடல் பக்கமா காத்து அடிக்கும், அலையும் சின்னதா இருக்கும், பாக்க குளம் மாதிரி இருக்கும், டியூப்ல உக்கார வச்ச புள்ள நாலு நிமிஷத்துல எங்கயோ போயிடும். வானம் நல்லாயிருக்கு, காத்தே இல்லன்னும் நம்பிடாதீங்க. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல மருத்துவ மாணவங்க 5 பேர் அலைல சிக்கி செத்துப் போனது ஞாபகம் இருக்கும், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. கள்ளக்கடல்னா எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கெளம்புற அலை, இங்க வெயில் அடிக்கும்போதே வந்து ஏறும். ஐதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசோட கடல் தகவல் மையம் முன்னாடியே அறிவிப்பு குடுக்குறாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி அத ஒருதடவ பாத்துட்டு வரலாம்.

காணாம போற புள்ளைங்க கதை தனி. 2018 காணும் பொங்கலுக்கு மெரினால உதவிக்கு போய் நின்னேன். கடல்ல எறங்காம இருக்க கட்டை கட்டியிருந்தாங்க, போலீஸ்காரங்க புள்ளைங்க கையில அப்பா அம்மா போன் நம்பர் எழுதுன பட்டை கட்டி விட்டுட்டிருந்தாங்க, ரொம்ப நல்ல வேலை அது. பட்டை கட்டாம விட்ட ஒரு அஞ்சு வயசு பையன் உழைப்பாளர் சிலை பக்கத்துல காணாம போயிட்டான். அவங்கப்பா வடக்கால அண்ணா சமாதி பக்கமா ஓடி ஓடி தேடுறாரு. எனக்கு முதல்ல சொல்லிக்குடுத்தது தண்ணிய பாரு, அப்புறம்தான் கரைனு, அதனால ஒரு ஆள் தண்ணி ஓரத்தையே பாத்துட்டு நின்னாரு, நான் தெக்கால காந்தி சிலை பக்கமா போனேன். தை மாசத்துல காத்து வடகிழக்கால இருந்து வரும். புள்ளைங்க காத்த எதுத்து நடக்காதுங்க, முகத்துல மணல் அடிக்கும்ல, காத்து முதுகுல தள்ளுற பக்கமாதான் போகும். பஞ்சுமிட்டாய்காரர் பக்கத்துல நின்னுட்டிருந்தான். அழக்கூட இல்ல. அம்மா பேரு என்னடான்னு கேட்டா "அம்மா"ங்கறான். புள்ளைங்களுக்கு நம்ம பேரு, போன் நம்பர் சொல்லிக்குடுங்க, கையில பேனாவுலயாச்சும் எழுதுங்க. வந்த ஒடனே நின்னு, அந்த வெளக்கு கம்பத்துக்கு நேரா நாம உக்காந்திருக்கோம்னு கைய காட்டி சொல்லுங்க, அதுங்க ஒசரத்துல இருந்து பாத்தா எல்லா மணலும் ஒண்ணுதான், எல்லா கூட்டமும் ஒண்ணுதான்.

போன மாசம் புதுசா ரெண்டு பசங்க வேலைக்கு சேந்திருக்காங்க, ரெண்டு பேரும் எங்க பக்கத்து பசங்கதான், என்னைவிட நல்லா நீந்துவாங்க. டவர்ல ஏறுன ஒடனே ரெண்டு பேர் கண்ணும் தூரத்துக்குத்தான் போச்சு, அலை உடையற எடத்துக்கும் அப்பால. எறங்குங்கடான்னு சொல்லி தண்ணி விளிம்புல கூட்டிட்டு போயி முட்டி போட்டு உக்கார வச்சேன், மூணு வயசு புள்ளையோட கண்ணு எந்த ஒசரத்துல இருக்குமோ அந்த ஒசரத்துக்கு. சும்மா ஒரு சாதாரண அலைதான் வந்துச்சு. சின்னவன் ரெண்டு கையையும் மணல்ல ஊணிட்டான். "அண்ணே, கரையே தெரியலண்ணே"ன்னான்.